பில்லில் 1500 சிசி ஸ்ட்ரோக்கர், உள்ளே வெல்டிங் வைத்த பழைய கிராங்க்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய மாருதி எஸ்டீம், ஜிப்ஸிக்கு டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். டெல்டாவில் ஒரு பட்டறை, "ஃபோர்ஜ்டு ஸ்ட்ரோக்கர் கிராங்க், 1500 சிசி" (பிஸ்டன் ஓட்டத்தை நீளமாக்கி சிசி கூட்டும், அடித்து உருவாக்கிய கிராங்க் தண்டு) என்று பில் எழுதி, எங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, மூன்றாவது ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங் உருகிச் சுற்றிவிட்டது. இஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

முதலில் கணக்கு. இந்த 1.3 லிட்டர் இஞ்சினில் போர் (சிலிண்டர் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 75.5 மி.மீ.; நாலு சிலிண்டருக்கும் மொத்தம் 1298 சிசி. போரை மாற்றாமல் 1500 வேண்டுமென்றால் ஸ்ட்ரோக் 87 மி.மீ. தாண்ட வேண்டும். அப்படியானால் பிஸ்டன் மேலே கிட்டத்தட்ட 6 மி.மீ. கூடுதலாக ஏறும். பிஸ்டன் பின்னிலிருந்து தலை வரை உயரம் குறைந்த தனி பிஸ்டனோ நீளம் குறைந்த ராடோ இல்லாமல் நடக்காது. பில்லில் இரண்டுமே இல்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்கலாம்.

டெப்த் வெர்னியர் வைத்து அளந்தால் பிஸ்டன் ஓட்டம் 79.5 மி.மீ. அதாவது சுமார் 1367 சிசி. கிராங்க் கம்பெனியோடதேதான். கிராங்க் பின்னின் (ராடு மாட்டும் உருளை) வெளிப்பக்கத்தில் வெல்டிங் ஏற்றி, மையத்தை 2 மி.மீ. தள்ளி, பழையபடி 42 மி.மீ. அளவுக்கே கிரைண்ட் செய்திருக்கிறார்கள். பழைய ஷெல்லே (பேரிங் தகடு) உட்காரும், பார்க்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது பின்னின் ஆயில் ஓட்டையில் வெல்டிங் கசடு பாதி அடைத்திருந்தது. கிராங்க் பின் முடிகிற மூலையில் இருக்க வேண்டிய வளைவு போய், கத்தி வைத்த மாதிரி நேர்மூலை. கிராங்க் விரிசல் விடுவதே அந்த இடத்தில்தான்.

வெல்டிங் வைத்துக் கிரைண்ட் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை. நம் ஊர் லேத் பட்டறைகள் பம்ப்செட் ஆயில் இஞ்சினை இப்படித்தான் பிழைக்க வைக்கின்றன, நல்ல வேலை அது. ஆனால் அது 1500 ஆர்பிஎம்மில் ஓடுவது. 6000க்குப் போனால் வேகம் நாலு மடங்கு, அதே பிஸ்டனும் ராடும் கிராங்கை இழுக்கும் விசை பதினாறு மடங்கு. அதன்மேல் டர்போ தரும் பூஸ்ட் அழுத்தம் வேறு.

இன்னொரு கொடுமை ஹெட்டில் (சிலிண்டர் மூடி). பிஸ்டன் 2 மி.மீ. மேலே வந்ததால், இரண்டு கேஸ்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடியிருக்கிறார்கள். அப்படியும் பிஸ்டன் தலையில் ஹெட் தட்டிய தழும்பு. கம்பெனி கம்ப்ரெஷன் (கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 9க்கு 1 என்று வைத்துக்கொண்டால், இந்த வேலைக்குப் பிறகு 10க்கு மேல். டர்போவுக்குக் கம்ப்ரெஷனை இறக்கத்தான் பார்ப்பார்கள், இங்கே ஏற்றிவிட்டார்கள். பங்க் பெட்ரோலில் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வராமல் என்ன செய்யும்? கேட்டதற்குப் பட்டறையில், "ட்யூனிங் சரியில்லை, நீங்க ரேஸ் ஓட்டிட்டீங்க" என்றார்கள்.

வேலை கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: பழைய கிராங்க் கையில் வர வேண்டும். "காயலான் கடைக்குப் போட்டாச்சு" என்றால், அதுதான் உங்கள் இஞ்சினுக்குள் இருக்கிறது. புது கிராங்குக்குப் பார்ட் நம்பரும் வாங்கிய பில்லும் கேளுங்கள். காந்த முறையில் விரிசல் சோதனை, பேலன்சிங் இரண்டும் முடிந்த பிறகே பொருத்த வேண்டும். ஹெட் மூடுவதற்கு முன் நீங்களே நேரில் போய், பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கச் சொல்லிப் பாருங்கள். அதுதான் ஸ்ட்ரோக், அதில் ஏமாற்ற முடியாது. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே கம்பி விட்டு அளக்காதீர்கள், ஓட்டை சாய்ந்திருந்தால் கணக்கு தப்பும். மீதிப் பணம் இதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே அந்த மாதிரி வேலை செய்த வண்டி வைத்திருந்தால் பூஸ்ட் ஏற்றி ஓட்டாதீர்கள். ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுப்புத் தெரிந்தால் சம்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி ஷெல்லைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டமும் படம் எடுத்து, பில்லோடு வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு.