தங்க மீன் தொட்டிக்கு ஜாவா ஃபெர்னா, அனுபியாஸா?

ஹீட்டர் இல்லாத தங்க மீன் தொட்டிக்கு எந்தச் செடி என்று தேடினால், குளிர் நாட்டுக்காரர்கள் போட்ட பட்டியல்தான் முதலில் வரும். குளிரைத் தாங்குமா என்பது அவர்கள் கவலை. கோலாலம்பூரில் ஹீட்டர் இல்லாத தொட்டித் தண்ணீரே சாதாரணமாக 27, 28 டிகிரி இருக்கும். மேல்மாடி ஃப்ளாட்டில் மேற்குப் பார்த்த ஹாலில் வைத்திருந்தால், மத்தியானம் 30ஐத் தொட்டுவிடும். நமக்கு வேண்டியது சூட்டைத் தாங்கும் செடி. அதோடு தங்க மீனின் வாயையும் தாங்க வேண்டும்.

அந்த வாய் லேசுப்பட்டதல்ல. தங்க மீனுக்குப் பல் தொண்டைக்குள் இருக்கிறது. அடியில் கிடக்கும் கல்லை வாய் நிறைய உறிஞ்சும், உள்ளேயே புரட்டித் தின்னக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும், மிச்சத்தைத் துப்பும். நாள் முழுக்க இதே வேலை. நேற்று நட்ட செடி இன்று காலையில் மேலே மிதப்பது இதனால்தான். மெல்லிய இலை என்றால் அதற்குக் கீரை. ஆகவே இரண்டு வகைச் செடிதான் பிழைக்கும்: கல்லையோ கட்டையையோ பிடித்துக்கொண்டு, தின்னப் பிடிக்காத தடித்த இலையோடு இருப்பது ஒன்று; தின்னத் தின்ன வளர்ந்துகொண்டே இருப்பது இன்னொன்று.

முதல் வகையில் போட்டி ஜாவா ஃபெர்னுக்கும் அனுபியாஸுக்கும். இரண்டுக்கும் தண்டு இஞ்சி போலப் படுத்து வளரும். அந்தத் தண்டை மண்ணிலோ கல்லிலோ புதைத்தால் அழுகிவிடும், கதை முடிந்தது. லாவா கல்லில் வைத்துப் பருத்தி நூலால் கட்டலாம். சூப்பர் க்ளூ ஜெல்லால் ஒட்டவும் செய்யலாம். கொஞ்ச நாளில் வேர் தானாகக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். கடையில் சின்னக் கூடையில் பஞ்சு வைத்து விற்பார்கள். அந்தப் பஞ்சைப் பொறுமையாக எடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீன் அதைப் பிய்த்துத் தொட்டி முழுக்கப் பரப்பும்.

ஜாவா ஃபெர்ன் நம் பக்கத்துச் செடி. மலேசியக் காட்டு ஓடைகளில் பாறையைப் பிடித்துக்கொண்டு வளர்வது. விலை குறைவு. ஒன்று வாங்கினால் போதும். இலை நுனியிலேயே குட்டிச் செடி முளைக்கும், வேர் விட்டதும் கிள்ளி இன்னொரு கல்லில் கட்டலாம். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பயந்து வெட்ட வேண்டாம், அவை விதைத்தூள் பைகள். இலையை மீன் ஒருமுறை கடித்துப் பார்க்கும், ருசி பிடிக்காமல் விட்டுவிடும். பெரும்பாலான மீன்கள் அப்படித்தான். விடாப்பிடியான ஒன்றிரண்டு எங்கும் இருக்கும்.

இதன் பலவீனம் சூடு. நம் ஊர்ச் செடிதானே, சூடு என்ன செய்யும் என்று தோன்றும். காட்டு ஓடையில் மர நிழல் உண்டு, ஓடும் தண்ணீர் உண்டு, ஃப்ளாட் ஹாலில் இரண்டும் இல்லை. தண்ணீர் நாள் கணக்கில் 30க்கு மேல் நின்றால் இலை கறுத்துக் கண்ணாடி போல் மெலியும். அந்த இலைகளை அடியோடு வெட்டிவிட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன விசிறியைத் திருப்பி வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாகக் குறையும், அவ்வப்போது ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் செலவு.

அனுபியாஸ் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இலை தோல் மாதிரி. ஒராண்டா வகைப் பெரிய தங்க மீன் இழுத்தாலும் கிழியாது. ஜாவா ஃபெர்ன் கறுக்கும் சூட்டிலும் இது நிற்கும். ஆனால் வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும். புது இலை ஒன்று வர வாரக் கணக்காகும். அதனால்தான் விலையும் கூடுதல். இலை அவ்வளவு நாள் இருப்பதால் அதன் மேல் பாசி படிகிறது, முக்கியமாக விளிம்பில் கறுப்புப் பாசி முடி முடியாக. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் அனுபியாஸ் வைத்தால் அது பாசிச் செடிதான். எல்இடி விளக்கை ஆறு, ஏழு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல், செடியைக் கட்டையின் நிழலில் வைத்தால் சுத்தமாக இருக்கும்.

என்னைக் கேட்டால், கீழ்த்தளத் தரைவீட்டுக்கு ஜாவா ஃபெர்ன். மேல்மாடிச் சூட்டுக்கு அனுபியாஸ், அதிலும் சின்ன இலை நானா வேண்டாம், பெரிய இலை பார்ட்டெரி. கையில் காசு குறைவு என்றால் எங்கேயும் ஜாவா ஃபெர்னும் விசிறியும்.

இரண்டாவது வகையில் எகேரியாவும் ஹார்ன்வோர்ட்டும். தங்க மீன் என்றாலே எகேரியா என்று எல்லாரும் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் மிதமான பகுதியிலிருந்து வந்த செடி அது, நம் சூட்டில் தண்டு நீண்டு, இலை இடைவெளி விட்டு, கீழிருந்து அழுகும். இலையும் மெத்தென்று இருப்பதால் மீன் மிச்சம் வைக்காது. சரி, தீனியாக வாங்கிப் போடுவதென்றால் போடுங்கள்.

ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது. சும்மா மிதக்கவிட்டால் போதும். கடையில் அடியில் சுற்றித் தரும் ஈயப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், அந்த இடம்தான் முதலில் அழுகும். இலை சொரசொரவென்று ஊசி மாதிரி இருப்பதால் மீன் நுனியை மட்டும் கொறிக்கும். தங்க மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை இழுத்துக்கொண்டு மளமளவென வளரும். தொந்தரவு ஒன்று உண்டு: புது இடத்துக்கு வந்ததும் ஊசிகளைக் கொட்டும், அது ஃபில்டரை அடைக்கும். உறிஞ்சும் குழாய் வாயில் ஒரு ஸ்பாஞ்சு மாட்டுங்கள். இந்தப் போட்டியில் ஹார்ன்வோர்ட்தான், யோசிக்கவே வேண்டாம்.

வேர் விட்டு நிற்கும் செடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வலிஸ்னேரியா, கிரிப்டோகொரைன் இரண்டும் இருக்கின்றன. வலிஸ்னேரியா கடின நீரை விரும்பும், நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது. கிரிப்டோகொரைனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் வேர் அசைந்தாலே இலையெல்லாம் கரைந்துவிடும், அசைப்பதே தங்க மீனின் பிழைப்பு. எதுவானாலும் மண்சட்டியில் நட்டு, மேலே மீன் வாய்க்குள் போகாத அளவு கூழாங்கல்லால் மூடுங்கள். தண்ணீர் மேல் பச்சைப் பொட்டுப் பொட்டாக மிதக்கும் டக்வீட் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது செடியல்ல, சாப்பாடு.

செடி அதிகமானால் காற்று மோட்டாரை இரவில் நிறுத்தாதீர்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 டிகிரியில் அது ஏழரைதான். விளக்கு அணைந்த பிறகு செடியும் அதே ஆக்சிஜனைத்தான் இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் முதலில் பார்க்க வேண்டியது மோட்டார்.

அப்புறம், வாங்கிய செடியை நேராகத் தொட்டியில் போட வேண்டாம். நத்தை முட்டை, பூச்சிமருந்து எதுவும் ஒட்டியிருக்கலாம். ஒரு வாரம் தனி வாளியில் வையுங்கள். அந்த வாளி பால்கனியில் திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வந்துவிடும். சுகாதார அதிகாரிகள் வந்து கொசுப் புழுவைப் பார்த்தால், 1975 முதல் இருக்கும் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதச் சீட்டு கையில் வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்கக் கொட்டி, வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வாய்க்கு ஒரு வலைத்துணி கட்டுங்கள்.