பேக் கியரும் வி.எஃப்.டி.யும்: வீட்டு லேத்தை 30 ஆர்.பி.எம்.மில் ஓட்டும் அனுபவம்

கோவையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நான் வைத்திருப்பது பழைய நாலரை அடி பெல்ட் லேத் (கடைசல் மெஷின்). கன்மெட்டல் புஷ், மரை போட்ட ஸ்பிண்டில் (ஜாபைச் சுற்றும் முக்கிய ஷாஃப்ட்) மூக்கு, இன்ச்சுக்கு 4 மரை உள்ள லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீள மரைத்தண்டு). ஜாப் என்றால் லேத்தில் மாட்டி வெட்டும் பொருள். பட்டறைக்காரர்கள் புது மெஷின் வாங்கும்போது கழித்துவிடும் ரகம். பல வருடமாக இதில் நான் செய்யும் வேலையில் பெரும்பகுதி 100 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 100 சுற்று) கீழேதான். ஒரு லேத் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று கேட்டுத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பலத்தோடு சுற்றும் என்பதுதான் வீட்டுப் பட்டறைக்கு முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிய கணக்கு. வார்ப்பிரும்பை ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் வெட்ட நிமிடத்துக்கு 18 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஃப்ளைவீலுக்கு இது 28 ஆர்.பி.எம். சொச்சம்தான் வரும். அதே ஜாபை 150-ல் ஓட்டினால் டூல் முனை சில சுற்றுகளிலேயே கருகி மழுங்கிவிடும். அதிலும் வார்ப்பின் மேல்தோல் மணல் ஒட்டிக் கெட்டியாக இருக்கும். மேலாகச் சுரண்டினால் டூல்தான் தேயும். முதல் வெட்டே தோலுக்குக் கீழே, ஒன்றரை மி.மீ. ஆழத்தில் போக வேண்டும். ஆழமான வெட்டு, பெரிய விட்டம், குறைந்த வேகம். இந்த மூன்றும் சேரும்போதுதான் மெஷினின் உண்மையான பலம் தெரியும்.

இங்கேதான் பலரும் வி.எஃப்.டி. (கரண்டின் 50 ஹெர்ட்ஸைக் கூட்டிக் குறைத்து மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. என் மோட்டார் 1 ஹெச்.பி., 1440 ஆர்.பி.எம்.; அதன் டார்க் (சுழற்றும் பலம்) சுமார் 5 நியூட்டன் மீட்டர். பெல்ட்டில் 4:1 குறைத்தால் ஸ்பிண்டில் 360-ல் சுற்றும், டார்க் 20 ஆகும். வி.எஃப்.டி.யை மட்டும் வைத்து இதை 30-க்கு இறக்க, மோட்டாரை 4 ஹெர்ட்ஸ் பக்கம் ஓட்ட வேண்டும். அப்போதும் ஸ்பிண்டிலில் கிடைப்பது அதே 20 தான். நடைமுறையில் அதுகூட வராது, ஏனென்றால் அவ்வளவு கீழே சாதாரண டிரைவில் மோட்டார் திணறும். நான் சொன்ன ஒன்றரை மி.மீ. வெட்டை 0.2 மி.மீ. ஃபீடில் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) எடுக்க, அந்த 200 மி.மீ. ஜாபின் ஓரத்தில் கிட்டத்தட்ட 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஜாப் அப்படியே நின்றுவிடும்.

பேக் கியர் (ஸ்பிண்டிலின் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் கியர் ஜோடி) போட்டால் கதையே வேறு. என் லேத்தில் அது சுமார் 6:1. ஸ்பிண்டில் 60 ஆர்.பி.எம்.முக்கு இறங்கும்போதே டார்க் 120-க்கு ஏறிவிடுகிறது. உராய்வில் கொஞ்சம் போனாலும் தாராளம். அதற்கு மேல் வி.எஃப்.டி.யை 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 30 ஆர்.பி.எம்., பலம் குறையாமல். மேட்டில் லோடு லாரி முதல் கியரில் ஏறுவதைப் பார்த்தால் இது புரியும். எங்கள் பக்கத்து டர்னர் அண்ணன் ஒருவர் சொல்வார்: "தம்பி, வேகத்தைக் குறைச்சா பலம் கூடணும். கூடலைன்னா நீ குறைச்சது வேகத்தை இல்ல, மோட்டாரை."

அப்படியென்றால் வி.எஃப்.டி. வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் துணைக்கு. ஃபேஸிங் (ஜாபின் முகத்தைத் தட்டையாகச் சீவுவது) செய்யும்போது அதன் அருமை தெரியும். ஓரத்தில் 28-ல் ஆரம்பித்து டூல் உள்ளே போகப் போக, இடது கையால் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே வருவேன். நடுவில் 60 மி.மீ. பாஸை (நடுவில் மேடாக இருக்கும் பகுதி) நெருங்கும்போது 75 ஹெர்ட்ஸ், 90 ஆர்.பி.எம். வெட்டும் சத்தம் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீராக இருக்கும். கரும்பொடியாக விழும் துகளும் ஒரே அளவில் விழும். முகத்தில் விரல் வைத்துத் தடவினால் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் தெரியாது. பெல்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு இந்த முகத்தை எடுக்கவே முடியாது.

வயரிங் பற்றிச் சில விஷயம். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் என்றால் டிரைவிலிருந்து வருவதும் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான். நம் ஊர் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாராகக் கட்டப்பட்டவை (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டார் வயர் முனைகளை இணைக்கும் இரண்டு விதம்). டெர்மினல் பாக்ஸில் ஆறு வயர் வந்தால் டெல்டாவாக மாற்றிக்கொள்ளலாம். மூன்றுதான் வந்தால் ரீவைண்டிங் கடையில் கொடுத்து ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை இந்த டிரைவில் மாட்டவே கூடாது. பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விடாதீர்கள். அதை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்கு மாற்றுங்கள். அப்புறம் டிரைவை லேத்துக்குப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். வார்ப்பிரும்புத் தூள் கரண்ட் கடத்தும், டிரைவின் ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் கீழ் எல்லையை 15 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். மோட்டாரின் ஃபேன் அதன் ஷாஃப்ட்டிலேயே இருப்பதால், மெதுவாகச் சுற்றும்போது காற்றும் குறையும், சூடு ஏறும்.

மரை வெட்டுவதில்தான் எனக்கு மிகப் பெரிய நிம்மதி. 1.5 மி.மீ. பிட்ச், உள் மரை, முடிவில் 3 மி.மீ. பள்ளம், அதற்கப்புறம் சுவர். 300 ஆர்.பி.எம்.மில் அந்தப் பள்ளத்தைக் கடக்க 0.4 விநாடி, யாராலும் நிறுத்த முடியாது. 30-ல் 4 விநாடி கிடைக்கும். டூல் பள்ளத்துக்குள் நுழைவதைப் பார்த்து, மெஷினை நிறுத்தி, டூலை நிதானமாக விலக்கலாம். இன்ச் லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டை (லீட் ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கும் நட்டு) திறக்கக் கூடாது. 127 பல் கியர் போட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டாரையே ரிவர்ஸ் ஓட்டித் திரும்ப வேண்டும். மெதுவாக ஓடும் மெஷினில் இது சுகமான வேலை. ஒரே எச்சரிக்கை: ஸ்பிண்டில் மூக்கில் மரை உள்ள லேத்தில் சட்டென்று பிரேக் போட்டாலோ படாரென்று ரிவர்ஸ் கொடுத்தாலோ ஜாபைப் பிடித்திருக்கும் கனமான சக் கழன்று வந்துவிடும். டிரைவில் மோட்டார் நிற்கும் நேரத்தை 5 விநாடியாக வையுங்கள்.

சுவரை முட்டும் அளவுக்கு மரை போக வேண்டும் என்றால் மோட்டாரையே விட்டுவிடுவேன். ஸ்பிண்டிலின் பின் துளையில் விரிந்து பிடிக்கும் ஒரு மாண்ட்ரல், அதில் கைப்பிடி. பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கையால் சுற்றினால் கடைசி கால் சுற்று வரை நம் வசம்தான். டூல் எவ்வளவு கடிக்கிறது என்று கைக்கே தெரியும். கைப்பிடி மாட்டியிருக்கும்போது மோட்டார் கிளம்பினால் அது ஆளை அடித்துவிடும். அதனால் மெயின் பிளக்கைப் பிடுங்கி, கைப்பிடி தொங்கும் கொக்கியிலேயே மாட்டி வைப்பேன்.

ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு எடுப்பது), நர்லிங் (பிடிக்கச் சொரசொரப்பு வரி போடுவது), ஸ்பிரிங் சுற்றுவது எல்லாம் பேக் கியரில்தான். பார்ட்டிங்கில் (ஜாபைத் துண்டாக வெட்டுவது) அதிர்வு வந்தால் வேகத்தைக் குறைத்து ஃபீடைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கார்பைடு டிப்புக்கு மட்டும் இந்த வேகம் ஒத்துவராது. மைல்டு ஸ்டீல் முகம் கிழிந்த மாதிரி வரும். மெதுவான வேலைக்கு நன்றாகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ்., கூடவே கட்டிங் ஆயில். வார்ப்பிரும்புக்கு ஆயில் வேண்டாம்.

நீண்ட நாள் ஓட்டியதில் நான் கவனித்த ஒன்று எண்ணெய். கன்மெட்டல் புஷ்ஷில் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றினால்தான் எண்ணெய்ப் படலம் அதைத் தூக்கிப் பிடிக்கும். 30 ஆர்.பி.எம்.மில், அதுவும் பெரிய வெட்டில், படலம் மெலிந்துவிடும். அதனால் மெதுவான வேலைக்கு முன்னால் எண்ணெய்க் கிண்ணத்தை நிரப்பி, நடுவிலும் பார்ப்பேன். 68 கிரேடு எண்ணெய். இத்தனை வருடத்துக்கும் ஸ்பிண்டிலில் ஆட்டம் கூடவில்லை.

மெதுவாகச் சுற்றுவதால் ஆபத்து இல்லை என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 120 நியூட்டன் மீட்டரோடு வரும் சக் ஜா, சட்டைக் கையைப் பிடித்தால் நிற்காது, கையோடு இழுக்கும். கிளவுஸ் கூடாது. எமரித் தாளை விரலில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. 30-ல் சுற்றும் ஜாபைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும், அந்த எண்ணத்தைத்தான் அடக்க வேண்டும்.

பழைய லேத் வாங்கப் போகிறவர்கள் லேத்தின் பெட்டை (டூல் நகரும் நீளத் தளம்) தடவிப் பார்ப்பதோடு நிற்காமல் பேக் கியர் மூடியைத் திறந்து பாருங்கள். புல் கியரை (ஸ்பிண்டிலில் உள்ள பெரிய கியர்) பெல்ட் புல்லியோடு பூட்டும் பின்னை எடுக்காமல் பேக் கியரையும் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டி, சக்கைக் கழற்றும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அப்படித்தான் பல் உடையும். ஒரு பல் உடைந்திருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வரிசையாக இரண்டு மூன்று போயிருந்தால் அந்த லேத் வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.