டிஜிட்டல் ஆம்ப், மானிட்டர்: சத்தத்தை எந்தக் குமிழில் ஏற்றுவது?

டிஜிட்டல் கிட்டார் ஆம்பை பவர்டு மானிட்டரில் (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கர்) செருகியதும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று இடங்கள் கிடைக்கின்றன. பிரீசெட்டுக்குள் (ஆம்பில் சேமித்து வைத்த டோன் அமைப்பு) சேனல் வால்யூம், ஆம்பின் மேல் அவுட்புட் குமிழ், மானிட்டரின் முதுகில் இன்புட் குமிழ். எதைத் திருகினாலும் சத்தம் கூடும். ஆனால் கூடவே எவ்வளவு இரைச்சல் வரும், சிக்னல் எங்கே உடையும் என்பது குமிழுக்குக் குமிழ் மாறும்.

பலரும் செய்வது, மானிட்டரை நடுப்புள்ளியிலோ முழுதாகவோ வைத்துவிட்டு ஆம்பின் அவுட்புட்டைக் கால்வாசியில் வைப்பது. கைக்கெட்டும் குமிழ் அதுதான் என்பதால் வசதி. கோளாறு இரைச்சலில் தொடங்குகிறது. ஆம்பின் கடைசிக் கட்டத்தில் டிஜிட்டலை மின்சிக்னலாக மாற்றும் சுற்றுக்கென்று ஒரு நிலையான இரைச்சல் உண்டு. நீங்கள் மெதுவாக வாசித்தாலும் அது குறையாது. முழு அளவு சிக்னலுக்கும் அந்த இரைச்சலுக்கும் 110 டெசிபல் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அவுட்புட் குமிழ் டிஜிட்டலாகவே அளவைக் குறைக்கும் வகையாக இருந்து, அதை 30 டெசிபல் இறக்கினால், இடைவெளி 80 ஆகிவிடும். இழந்த 30-ஐ மானிட்டரில் ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்தே ஏறும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: கால்வாசியில் நிற்கும் குமிழில் கை தவறிப் பட்டால் மேலே ஏற நிறைய இடம் உண்டு. திடீரென அறையே அதிரும்.

இதற்கு நேர்மாறானது ஆம்பின் அவுட்புட்டை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, மானிட்டரை இறக்குவது. என் கணிப்பில் இதுவே சரியான வழி. ஆம்பிலிருந்து வரும் இரைச்சல், கேபிளில் ஒட்டிக்கொள்ளும் ஹம் எல்லாமே மானிட்டர் குமிழோடு சேர்ந்து இறங்கும். அவுட்புட் ஏற்கெனவே மேலே இருப்பதால் கை பட்டாலும் பெரிய தாவல் இருக்காது. இதிலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, ஆம்ப் +4 டிபியு அளவில் (ஸ்டுடியோ சாதனங்களின் லைன் அளவு) அனுப்ப, மானிட்டரின் இன்புட் -10 டிபிவி அளவுக்கு (வீட்டுச் சாதனங்களின் தாழ்ந்த அளவு) அமைக்கப்பட்டிருக்கலாம். இடையே ஏறக்குறைய 12 டெசிபல் வித்தியாசம். மானிட்டர் குமிழை இறக்கிய பிறகும் கிளீன் டோன் (டிஸ்டார்ஷன் இல்லாத தொனி) உறுமினால் காரணம் இதுவாக இருக்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தில் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். மைக், லைன் என்று இரண்டு நிலைகள் உள்ள ஸ்பீக்கரில் லைன்தான். இரண்டாவது, குமிழின் அடிப்பகுதியில் இடது வலது மானிட்டர்களைச் சமமாக வைப்பது கடினம். ஒரு மயிரிழை விலகினாலும் நடுவில் கேட்க வேண்டிய ஒலி ஒரு பக்கம் சாயும். இரண்டுக்கும் ஒரே மோனோ சிக்னலைக் கொடுத்து, அது நடுவில் நிற்கும் இடத்தில் ஒட்டுத்தாளால் குறியிட்டுவிடுங்கள்.

உங்கள் அமைப்பில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். மானிட்டரை இறக்கி வைத்து, ஆம்ப் கேபிளைக் கழற்றி, மானிட்டரைப் பழைய அளவுக்கு ஏற்றி, ட்வீட்டருக்கு (உயர்ந்த ஒலிக்கான சிறிய ஸ்பீக்கர்) அருகே காதை வையுங்கள். அந்த 'உஸ்' மானிட்டருடையது. மறுபடி இறக்கி, கேபிளைச் செருகி, பழைய அளவுக்கே ஏற்றி, கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். கூடினால் மிச்சம் ஆம்புடையது. சீறலுக்குப் பதிலாகத் தாழ்ந்த ரீங்காரம் கேட்டால் கிரவுண்ட் லூப்பாக (சாதனங்களின் எர்த் இணைப்புகள் வழியே உருவாகும் மின்வளையம்) இருக்கலாம். அதற்குக் குமிழ் மருந்தல்ல. இரு முனையும் பேலன்ஸ்டு (கேபிளில் ஒட்டும் இரைச்சலை ரத்து செய்யும் இணைப்பு) என்றால் டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் கேபிளைப் பயன்படுத்தி, இரண்டு சாதனங்களுக்கும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பிலிருந்து மின்சாரம் கொடுங்கள்.

மிச்சமிருக்கும் இடமான சேனல் வால்யூமை அறைச் சத்தத்துக்காகத் தொடவே வேண்டாம். அது பிரீசெட்டுகளைத் தங்களுக்குள் சமன்படுத்த மட்டும். டிரைவ் (டிஸ்டார்ஷன் அளவு) குமிழும், மாடலின் (டிஜிட்டலாகப் போலச் செய்யப்படும் ஆம்பின்) மாஸ்டர் குமிழும் தொனியையே மாற்றும். சேனல் வால்யூம் தொனியைத் தொடாமல் அளவை மட்டும் மாற்றும். மிகக் கிளீனான பிரீசெட்டிலிருந்து தொடங்குங்கள். ஓங்கி அடிக்கும்போது மீட்டர் -12-க்கும் -6-க்கும் இடையே நின்றால் போதும். மற்ற பிரீசெட்டுகளைக் காதால் பொருத்துங்கள், மீட்டரால் அல்ல. கிளீன் டோனில் உச்சம் கூர்மையாக எழும். டிஸ்டார்ஷனில் அது நசுங்கியே வருவதால், மீட்டரில் ஒரே உச்சம் காட்டும் இரண்டில் டிஸ்டார்ஷனே பலமாகக் கேட்கும். சோலோவுக்கு 3 முதல் 5 டெசிபல் கூடுதல் போதும்.

டோன் அமைக்கும்போது எவ்வளவு சத்தத்தில் கேட்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள் மங்கும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை வரைபடமாக்கிவிட்டார்கள். இரவில் மெதுவாகக் கேட்டு பேஸைக் கூட்டி வைத்த பிரீசெட் மேடையில் குமுறுவது இதனால்தான். வாசிக்கப்போகும் அளவிலேயே அமையுங்கள். காதையும் காப்பாற்ற வேண்டும்: அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-ல் 1 மணி நேரம்தான்.

மேடைக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே எக்ஸ்எல்ஆர் வழியாக மிக்ஸருக்குப் போகும் சிக்னலை அவுட்புட் குமிழிலிருந்து பிரித்து, நிலையான அளவில் பூட்டிவிடுங்கள். பல ஆம்ப்களின் குளோபல் செட்டிங்கில் இதற்கு வழி உண்டு. குமிழ் உங்கள் காலடி மானிட்டரை மட்டும் ஆளட்டும். இல்லையென்றால் நீங்கள் உங்களுக்காக ஒரு சுற்று ஏற்றும்போதெல்லாம் அரங்குக்குப் போகும் கிட்டாரும் ஏறும். மிக்ஸரில் இருப்பவர் அதைத் துரத்திக்கொண்டே இருப்பார்.