தேன்சிட்டுக் கழுத்தும் ஒரு துண்டு வெல்குரோவும்: பிளாஷ் எக்ஸ்டென்டர் பாவித்த அனுபவம்

பிளாஷுக்கு முன்னால் மாட்டி, அதன் ஒளியைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்புகிற மெல்லிய வரித்தகடுதான் ஃபிரெனல் எக்ஸ்டென்டர். அதன் விலை இறங்கியதும், "மலையகத்துத் தேன்சிட்டுக்கு இது சரிவருமா?" என்ற கேள்வி வரத் தொடங்கிவிட்டது. வெளிச்சம் இரண்டு ஸ்டொப் அளவுக்கு, அதாவது நாலு மடங்காக, கூடும் என்பது பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

சரிவரும். லோட்டன் தேன்சிட்டின் ஆண், நுவரெலியா ஹக்கல பூங்காவில் மேகம் மூடிய காலையில் கமராவுக்கு வெறும் கரிக்கட்டைதான். அதன் இறகில் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் கோணத்தில்தான் பச்சையும் ஊதாவும் பிறக்கின்றன. எல்லாப் பக்கமிருந்தும் வரும் மங்கல் வெளிச்சம் அதற்குப் போதாது. லென்ஸ் பார்க்கும் திசையிலேயே பிளாஷ் போனால், தலையைத் திருப்புகிற ஒரு நொடியில் தொண்டை பற்றிக்கொண்டதுபோல் எரியும். இரத்தினபுரி நீலக்கல்லோடு இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. நீலக்கல்லின் நிறம் அதிலுள்ள இரும்பும் டைட்டேனியமும் ஒளியை உறிஞ்சுவதால் வருவது, அதற்கு இந்தக் கோணக் கணக்குக் கிடையாது. தேன்சிட்டின் குணம் சந்திரகாந்தக் கல்லின் குணம்: கொஞ்சம் சாய்த்தால் மினுக்கம் ஓடிவிடும்.

அமெரிக்கக் கண்டங்களில் ஹம்மிங்பேர்டுக்குச் சீனித்தண்ணீர்ப் போத்தலைச் சுற்றி நாலைந்து பிளாஷ் நிறுத்துவார்கள். அது பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்கும். தேன்சிட்டு பெரும்பாலும் கொப்பில் உட்கார்ந்தே குடிக்கும், செவ்வரத்தையின் அடியைத் துளைத்துத் தேன் திருடும், அடுத்த நிமிடம் தேயிலை மலைச் சவுக்கு (கிரெவில்லியா) மரத்துப் பூவில் இருக்கும். அதன் பின்னால் பிளாஷ் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கமராவோடே நகரும் எக்ஸ்டென்டருக்கு இங்கே வேலை இருப்பது அதனால்தான்.

கமரா அமைப்பு: மெனுவல், ஷட்டர் 1/250, துவாரம் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800. பிளாஷ் ஸூமை 50 மி.மீ.இல் வைத்து 1/8 பவரில் தொடங்குங்கள். லென்ஸ் 300 மி.மீ.க்குக் கீழே போனால் நடுவில் வட்டமாக வெள்ளை, ஓரமெல்லாம் இருட்டு. முதலில் நாலு மீற்றர் தூரத்துச் சுவரில் ஒரு படம் எடுத்து வெளிச்சம் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். கண் பூனைக்கண்ணாக மின்னினால் பிளாஷைக் கமராவில் பூட்டும் பிராக்கெட் ஒன்றில் மாட்டி 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கூடு கட்டிய மரத்தில் பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

இனி வெல்குரோ, தகட்டைத் தாங்கும் இரண்டு கைகளையும் பிளாஷோடு பிடித்துவைக்கும் ஒட்டு நாடா. இந்தச் சாமானை வடிவமைத்தவர் நுவரெலியா ஈரத்தைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார். பின்னேரமானால் பசை இளகி, ஒரு பக்கக் கை அரை விரற்கடை தொங்கும். வெளிச்சம் பறவையின் வாலுக்குப் போகும், தலை இருட்டில் நிற்கும். திரையில் பார்த்தால் பவர் குறைவு என்றே தோன்றும். பவரைக் கூட்டக் கூட்ட வால் வெளுக்கும், பற்றரி தீரும். குற்றவாளி அந்த ஒரு துண்டு நாடா. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு அகலமான றப்பர் பட்டியால் கட்டினால் நிற்கிறது. இதைத் தொழிற்சாலையிலேயே செய்ய என்ன கேடு?

மூடுபனி இன்னொரு தலையிடி. ஹப்புத்தளையில் மதியத்துக்குமேல் பனி ஏறினால், பிளாஷ் முதலில் நீர்த்துளிகளில் பட்டுத்தான் திரும்பும். படம் முழுக்கப் பால்திரை. நாலு மீற்றருக்குள் ஒருவாறு சமாளிக்கலாம். அதற்கு அப்பால் பிளாஷை அணைத்துவிடுவதே நல்லது.

வெயிலில் ஆபத்தும் உண்டு. தோளில் தொங்கவிட்டு நடக்கையில் தகடு சூரியனைப் பார்த்தால், பிளாஷின் முகத்திலே குவியம் விழுந்து பிளாஸ்டிக் உருகும். நடக்கும்போது மடியுங்கள், இல்லையேல் துணி போட்டு மூடுங்கள். ட்ரைபொட்டில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகவே கூடாது.

தொண்டை நிறத்தை இவ்வளவு மலிவாகக் கொண்டுவரும் வேறு சாமான் இல்லை. ஆனாலும் இறங்கிய விலைக்கும் வாங்காதீர்கள் என்பேன். எழுத்துப் பெருக்கிக் காட்டும் ஃபிரெனல் தகடு புத்தகக் கடையில் கிடைக்கும். தகட்டைப் பிடித்து, ஜன்னலின் பிம்பம் எதிர்ச் சுவரில் தெளிவாக விழும்போது தகட்டுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதைவிடக் கொஞ்சம் கிட்டவாகத் தகட்டைப் பிளாஷின் முன்னால் அட்டைக் கையில் பொருத்தினால் வேலை முடிந்தது. தூரம் 30 செ.மீ.க்கு மேலே போனால் அந்தத் தகட்டை விட்டுவிடுங்கள், காற்றுக்கு ஆடும். கடைச் சாமான்தான் வேண்டும் என்கிறவர்கள் அன்றைக்கே றப்பர் பட்டியும் வாங்கிவிடுங்கள்.