8085 பயிற்சிக் கிட்: ஈ பட்டனோடு ஒரு குடித்தனம்

என் 8085 கிட்டில் (8085 என்ற பழைய மைக்ரோபிராசசரைக் கற்கும் பயிற்சி போர்டு) ஈ, அதாவது ஆங்கில E, பட்டன் மறுபடியும் செத்துப்போய், போன வாரம்தான் கழற்றிப் புது ஸ்விட்ச் வைத்துப் பற்றவைத்தேன். அன்றைக்கே மச்சான் மகன் போன் செய்தான். "மாமா, அசெம்பிளி படிக்கலாம்னு இருக்கேன். உங்ககிட்ட இருக்கிற மாதிரி 8085 கிட் ஒண்ணு வாங்கட்டுமா, இல்ல லேப்டாப்புல சிமுலேட்டரே போதுமா?" அசெம்பிளி என்றால் சிப்புக்கு நேராகக் கட்டளை எழுதும் மொழி, சிமுலேட்டர் என்றால் அந்தச் சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள். அவனுக்குச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் பாராட்டிவிடுவேன்.

கிட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக் லேபில் பார்த்திருப்பீர்களே, அதேதான். இன்டெல் 1976ல் கொண்டுவந்த சிப், 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஆறு எழுத்து டிஸ்ப்ளே, 0 முதல் எஃப் வரை பதினாறு பட்டன் (ஹெக்ஸ் எண்ணில் 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை இலக்கங்கள்), பக்கத்தில் ரீசெட், நெக்ஸ்ட், கோ. டிஸ்ப்ளேயில் 6க்கும் சின்ன பிக்கும் மேல்கோடு ஒன்றுதான் வித்தியாசம், அது ஒரு தொல்லை. பழகிவிடும்.

பட்டன்தான் பழகாதது. நான் இருப்பது மண்டபத்தில், வேலை போட்டுகளின் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் ரிப்பேர். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2025ல் புதுப் பாலம் திறக்க வைத்த காற்று இது. அதற்கு முன்னால், மூடியில்லாத போர்டில் உட்கார்ந்திருக்கும் சில ரூபாய் ஸ்விட்ச் எந்த மூலைக்கு? முதலில் இரண்டு தடவை அழுத்தினால் ஒரு தடவை விழும், அப்புறம் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழும், கடைசியில் விழவே விழாது. ஒரு வரிசை முழுதும் போயிருந்தால் பட்டன்களைப் படிக்கும் 8279 சிப்பையோ போர்டின் செப்புத் தடத்தையோ சந்தேகப்படலாம். ஒரே பட்டன் போனால் ஸ்விட்ச்தான். வாங்கிய கடையில் கேட்டதற்கு, "கடலோரத்துக்கெல்லாம் வாரண்டி கிடையாது சார்" என்றார்கள். விற்கும்போது ராமநாதபுரம் மாவட்டம் என்று பார்சலில் எழுதியது அவர்கள்தானே!

சரி, ஈ போனால் என்ன போகும்? கட்டளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஹெக்ஸ் இலக்கத்தில் ஒரு குறியீடு, அதைத்தான் பட்டனில் அழுத்த வேண்டும். 8085ன் 246 குறியீடுகளில் ஈ உள்ள முப்பது போகும். அந்த முப்பதும் மூலையில் கிடப்பவை அல்ல. 3ஈ போகிறது, அதாவது எம்விஐ ஏ, அக்யுமுலேட்டர் எனும் ஏ ரெஜிஸ்டரில் ஓர் எண்ணை நேராகப் போடும் கட்டளை. (ரெஜிஸ்டர் என்றால் சிப்புக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம். பி, சி, டி, ஈ, எச், எல் என்று வேறும் உண்டு.) எந்தப் பாடத்திலும் முதல் வரியே அதுதான். 7ஈ, அதாவது மெமரியிலிருந்து ஏக்கு எடுப்பது, போகிறது. ஒப்பிடும் எஃப்ஈ போகிறது. ரெஜிஸ்டர் ஜோடியை மெமரியில் அடுக்கி வைத்து எடுக்கும் புஷ் எச், பாப் எச், இரண்டு ஜோடிகளை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச், ஈயில் தொடங்கும் இவையெல்லாம் போகின்றன.

புது ஸ்விட்ச் வரும்வரை சும்மா இருக்க மனம் இல்லை. ஏயில் 80 போட வேண்டுமா? 06 80 என்று பியில் போட்டு, 78 என்று பியிலிருந்து ஏக்கு நகர்த்தினேன். ஏயைச் சுத்தமாகப் பூஜ்யமாக்க ஏஎஃப் போதும், தன்னோடு தானே எக்ஸ்-ஆர். ஒப்பிட வேண்டிய எண்ணைப் பியில் வைத்து பி8. மெமரியிலிருந்து எடுக்க, முகவரியை பி, சி ரெஜிஸ்டர் ஜோடியில் வைத்து 0ஏ. ஒரு பைட் கூடும், சில இடத்தில் இரண்டு, ஆனால் வேலை நடக்கும்.

இப்படிச் சுற்றிப் போகும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எம்விஐயில் பி, டி, எச் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. 06, 16, 26. சி, ஈ, எல், ஏ நான்கும் செத்துவிட்டன. 0ஈ, 1ஈ, 2ஈ, 3ஈ. ஏன் இப்படி ஒன்று விட்டு ஒன்று? பைனரியில் எழுதிப் பார்த்தால் புரிகிறது. முதலில் 00, கடைசியில் 110, நடுவில் இருக்கும் மூன்று பிட் ரெஜிஸ்டரின் எண். பி என்றால் 000, சி 001, டி 010, இப்படியே போய் ஏ 111. நடு மூன்றின் கடைசிப் பிட் 1 ஆக இருந்தால் பைட் ஈயில் முடியும். 78ம் அப்படித்தான்: 01, பிறகு போய்ச்சேரும் ரெஜிஸ்டர் 111, எடுக்கும் ரெஜிஸ்டர் 000. கையேட்டின் பின்பக்க அட்டவணையை மனப்பாடம் செய் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இதை ஏன் ஒரு நாளும் கரும்பலகையில் எழுதவில்லை என்று இன்றைக்கும் கோபம் உண்டு.

அடுத்த இன்பம், எல்ஈடி மினுக்குவது. வெளியே சிக்னல் அனுப்பும் 8255 சிப்பின் போர்ட் வழியாக ஒரு எல்ஈடி, நடுவில் தாமதம். பி, சி ஜோடியில் பூஜ்யம் வைத்து டிசிஎக்ஸ் பி போட்டு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆனால் டிசிஎக்ஸ் எந்தக் கொடியையும் (விடை பூஜ்யமா என்பது போன்றதைக் காட்டும் பிட்) தொடாது, ஜீரோ கொடியை நம்பி உடனே ஜேஎன்இசட் (பூஜ்யம் இல்லையென்றால் தாவு) போடக்கூடாது. பியை ஏக்கு நகர்த்தி, இரண்டும் பூஜ்யமா என்று பார்க்க ஓஆர்ஏ சி போட்டு, அதன்பிறகுதான் தாவல். இந்த நான்கு கட்டளைக்கும் முறையே 6, 4, 4, 10 கிளாக் துடிப்பு, ஆக ஒரு சுற்றுக்கு 24 கிளாக். 65,536 சுற்று. உள்ளே ஓடும் வேகம் கிரிஸ்டலில் பாதி, 3.072 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் 0.512 வினாடி. காகிதத்தில் வந்த அரை வினாடி அப்படியே எல்ஈடியில் மினுங்குவதைப் பார்க்க வேண்டும். (0பி, 78, பி1, சி2. இந்த நான்கிலும் ஈ இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) சிமுலேட்டரில் இது கிடைக்காது, அங்கே லேப்டாப் ஓடுகிற வேகம்தான் வேகம்.

ஆக, வாங்கலாமா? வேண்டாம்டா மாப்பிள்ளை. நீயும் இருப்பது தொண்டியில், காற்று ஒன்றும் மாறிவிடாது. கிட்டில் ஒவ்வொரு பைட்டாக அழுத்தி, கரண்ட் போனால் முதலிலிருந்து அழுத்தி, முகவரியில் கீழ் பைட்டை முன்னாலும் மேல் பைட்டைப் பின்னாலும் போட வேண்டும் என்பதைப் பார்த்துப் பார்த்து அழுத்தி முடிப்பதற்குள் படிக்கிற ஆசையே போய்விடும். ஜிஎன்யுசிம்8085 இலவசம். கட்டளையை எழுத்தில் அடித்தால் அதுவே குறியீடாக்கிக்கொள்ளும், ஒவ்வொரு அடியாக ஓட்டி ரெஜிஸ்டரும் கொடியும் மாறுவதைப் பார்க்கலாம். நான் மேலே சொன்ன மூன்று பிட் விஷயத்தை அதிலேயே எழுதிச் சரிபார்த்துக்கொள்.

கிட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், வெளியிலிருந்து கணினிக் கீபோர்டு மாட்டும் எல்சிடி வகையைக் கேள். விலை கூட. பரவாயில்லை, கீபோர்டு போனால் வேறு கீபோர்டு மாட்டிக்கொள்ளலாம். பட்டன் வகையை எவனாவது சல்லிசாகத் தருகிறான் என்றால் எனக்கு ஒரு போன் போடு, இதற்கு ஸ்பேராக எடுத்து வைத்துக்கொள்கிறேன்.