வெனிஸ் டோஜே அரண்மனை: தேர்தலைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

வெனிஸுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்த அரண்மனையை வெளியிலிருந்தே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். டிக்கெட் விலை அதிகமாக இருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாடு தன் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, தேர்ந்தெடுத்த பிறகு அவரை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்பதில் உங்களுக்குக் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலைக்கும் போவேன். மகள் படுவாவில் படிக்கிறாள், அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். எனவே அவசரப்படாமல் பார்க்க முடிந்தது.

டோஜே என்பவர் வெனிஸ் குடியரசின் தலைவர். பிறப்பால் வருவதில்லை, தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார். பதவி ஆயுள் முழுக்க. இந்த வரிசை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்டு 1797இல் முடிந்தது. ஒன்றை மறக்கக் கூடாது: ஓட்டு பிரபுக் குடும்பங்களின் ஆண்களுக்கு மட்டும்தான். 1297இல், அந்த ஆண்கள் கூடும் சபையான பெருமன்றத்தின் கதவைப் புதிய குடும்பங்களுக்கு ஏறக்குறைய அடைத்தே விட்டார்கள். மீன் பிடித்தவர்களுக்கும் கப்பல் கட்டியவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமே இல்லை. இதை மக்களாட்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் தங்களுக்குள் ஒருவன் மன்னனாகிவிடக் கூடாது என்பதற்காக அவர்கள் செய்த ஏற்பாடுகளை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு யோசனை. அதே டிக்கெட்டில் சான் மார்கோ சதுக்கத்தின் மறுமுனையிலுள்ள கோரேர் அருங்காட்சியகமும் சேர்ந்தே வருகிறது. பெரும்பாலானவர்கள் அரண்மனையை முடித்துக் கால் வலியோடு அதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அங்கே முதலில் போங்கள். டோஜேக்கள் அணிந்த, பின்பக்கம் கொம்பு போல் எழும்பும் தொப்பியும் ஓட்டுப் போடும் பெட்டிகளும் அங்கே இருக்கின்றன. அந்தப் பெட்டிகளுக்குள் துணியால் செய்த உருண்டைகளைப் போட்டார்களாம். எந்த அறைக்குள் விழுந்தது என்று சத்தம்கூடக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக. மறைவாக ஓட்டுப் போட அட்டைத் தடுப்பு வைத்துக் கொடுத்த எனக்கு, அந்தப் பெட்டிகளை விட்டு நகர மனம் வரவில்லை.

அப்புறம் அரண்மனை. முற்றத்தில் ஏறும் பெரிய படிக்கட்டின் உச்சியில் சான்சொவினோ என்ற சிற்பி செதுக்கிய போர்த் தெய்வம் மார்ஸும் கடல் தெய்வம் நெப்டியூனும் நிற்கிறார்கள். புதிய டோஜேக்கு முடிசூட்டியது அந்த இடத்தில்தான். கீழிருந்து பார்த்தால் அந்த இரண்டு சிலைகளுக்கு நடுவில் எந்த மனிதன் நின்றாலும் சின்னவனாகத்தான் தெரிவான். பொன் படிக்கட்டு வழியாக மேலே போனால் டோஜே குடியிருந்த அறைகள். கூரை, கணப்பு எல்லாம் அழகு. ஆனால் நாற்காலி, கட்டில் எதுவும் இல்லை. வீட்டுச் சாமான்களை டோஜே தன் செலவில் கொண்டுவர வேண்டும், அவர் இறந்ததும் குடும்பம் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் இந்த வெறுமை எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அரசு வீடு வேறு, சொந்த வீடு வேறு என்று அவர்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பதவி ஏற்கும்போது டோஜே ஒரு நீண்ட உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒவ்வொருவர் இறந்த பிறகும் அதைத் திருத்தி இன்னும் இறுக்குவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வெளிநாட்டுக் கடிதத்தை அவர் தனியாகப் பிரிக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. அவர் போன பின், இருந்த காலத்தில் என்ன தவறு செய்தார் என்று ஒரு குழு விசாரிக்கும். தவறு இருந்தால் வாரிசுகள் பணம் கட்ட வேண்டும்.

பெருமன்றக் கூடத்துக்கு நிறைய நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 53 மீட்டர், அகலம் 25 மீட்டர், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. எதிர்ச் சுவரை நிறைத்து தின்தோரெத்தோவின் 'சொர்க்கம்'. 1577 தீ விபத்தில் பழைய ஓவியம் அழிந்த பிறகு வரைந்தது. எல்லோரும் அதன் முன்னால் நிற்கிறார்கள். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய அந்தக் கூடத்தில் தேர்தல் எப்படி நகர்ந்திருக்கும் என்று படி படியாக நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

1268இல் வகுத்த முறை இது. முப்பது வயதைத் தாண்டிய உறுப்பினர்களிலிருந்து குலுக்கலில் 30 பேர். அதிலிருந்து மறுபடி குலுக்கி 9 பேர். இந்த ஒன்பது பேரும் 40 பேரை ஓட்டுப் போட்டுத் தேர்வார்கள். நாற்பதைக் குலுக்கி 12 ஆக்குவார்கள். பன்னிரண்டு பேர் 25 பேரைத் தேர்வார்கள். அதைக் குலுக்கி 9. ஒன்பது பேர் 45 பேரைத் தேர்வார்கள். குலுக்கி 11. பதினொருவர் 41 பேரைத் தேர்வார்கள். இந்த 41 பேரையும் அரண்மனைக்குள் அடைத்து வைப்பார்கள். அவர்களில் 25 பேராவது ஒத்துக்கொண்டால்தான் டோஜே. குலுக்கலில் உருண்டை எடுப்பது ஒரு சிறுவன். மன்றத்தின் இளைய உறுப்பினர் சான் மார்கோ தேவாலயத்துக்குப் போய் முதலில் கண்ணில் படும் பையனை அழைத்துவர வேண்டும். குடவோலையைப் பாடமாக நடத்தியவர்களுக்கு இந்தப் பையனைப் பார்த்ததும் பழகிய முகம் போலத்தான் இருக்கும்.

இவ்வளவு சுற்று எதற்கு என்று தோன்றலாம். யார் கடைசியில் ஓட்டுப் போடப் போகிறார் என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. தெரியாதவரை எப்படி விலைக்கு வாங்க முடியும்? ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இதே முறைதான் ஓடியது. இதைப் படித்துவிட்டுப் போகாமல் அந்தக் கூடத்தில் நின்றால் பொன்னும் வண்ணமும் மட்டும்தான் கண்ணில் படும்.

கூரையை ஒட்டி டோஜேக்களின் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன, இந்தக் கூடத்தில் மட்டும் 76 பேர். ஓரிடத்தில் முகம் இல்லை, கறுப்புத் துணி வரைந்திருக்கிறது. மரினோ ஃபலியேர். 1354இல் டோஜே ஆனவர், அடுத்த ஆண்டே குடியரசைக் கவிழ்த்து முடிமன்னனாகப் பார்த்தார். 1355 ஏப்ரலில் தலையை வெட்டினார்கள். அது அவருடைய இடம் என்று துணியின் மேல் எழுதியும் வைத்தார்கள். பெயரை அழித்திருந்தால் மறந்திருப்பார்கள். பதவிக்கு வந்த ஒவ்வொரு டோஜேயும் தலையை நிமிர்த்தினால் பார்க்கும்படி வைத்தார்களே, அந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது.

குடியரசின் பாதுகாப்பைக் கவனித்த பத்துப் பேர் மன்றத்தின் அறை, புகார்க் கடிதம் போடும் துவாரம், சிறைக்குப் போகும் பெருமூச்சுப் பாலம், சிறை எல்லாம் இதே வழியில் வரும். பாலத்தின் சன்னல் முன்னால் கூட்டம் நெரிக்கும். சிறைப் பாதை குறுகல், சில வாசல்களில் குனிந்து போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் சிறையைத் தவிர்த்தாலும் பெரிய இழப்பில்லை. டோஜேயின் அதிகாரத்துக்கு மேலே இன்னொரு இருட்டான அதிகாரம் வளர்ந்தது என்பதற்காக மட்டும் அந்தத் துவாரத்தைப் பாருங்கள். பெயர் போடாத புகார்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது உண்மைதான். ஆனாலும் பயத்தில் ஓடிய ஆட்சி அது.

முடிவும் அந்தப் பெரிய கூடத்திலேயே நடந்தது. 1797 மே 12, நெப்போலியனின் படை நெருங்கிவிட்டது. முடிவெடுக்கக் குறைந்தது 600 பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்கள் 537. லுதோவிகோ மானின் என்ற கடைசி டோஜேயின் முன்னால் 512 பேர் குடியரசைக் கலைக்க ஓட்டுப் போட்டார்கள், எதிர்த்தவர்கள் 20. அவ்வளவு விதிகள் போட்டவர்கள் கடைசி ஓட்டை விதியை மீறித்தான் போட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெளியே வந்ததும் சான் மார்கோ தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம் போங்கள், டிக்கெட் வேண்டாம். தனியேலே மானினின் கல்லறை அங்கே இருக்கிறது. 1848 மார்ச்சில் ஆஸ்திரியர்களை விரட்டி வெனிஸில் மறுபடி குடியரசை அறிவித்து, அதற்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர். யூதக் குடும்பம். தாத்தா மதம் மாறியபோது டோஜே மானினின் குடும்பத்தார் ஞானப்பெற்றோராக நின்றதால் இந்தப் பெயர் வந்தது. 1849 ஆகஸ்டில், பசியும் காலராவும் சேர்ந்து நெரித்த முற்றுகைக்குப் பிறகு, ஊர் சரணடைந்தது. அது தாக்குப்பிடித்திருந்தால் இத்தாலிக்கு முடியரசு வராமலே, 1946 வரை காத்திருக்காமல், ஒரு குடியரசுத் தலைவர் வந்திருப்பாரா? மகளும் நானும் படுவா ரயிலில் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். அவள் வர மாட்டார் என்றாள், நான் வந்திருப்பார் என்கிறேன்.

வழிகாட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கூட்டமாக அழைத்துப்போன ஒரு வழிகாட்டி, பெருமன்றக் கூடத்தில் 'சொர்க்கம்' எத்தனை மீட்டர் என்று சொல்லிவிட்டு, தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பாலத்துக்கு இழுத்துப் போனார். ஆள் வைத்துக்கொள்வதானால் முன்னாலேயே கேளுங்கள்: டோஜேயை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லத் தெரியுமா? தெரியாது என்றால் 1268 முறையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தனியாகவே போங்கள். கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தால் பெருமன்றக் கூடத்தில் கொஞ்ச நேரமாவது நெரிசல் இல்லாமல் உட்காரலாம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள், கறுப்புத் துணியை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.