மரத்து மேலே எதைக் கொண்டு போவது? அரிவாள், கை ரம்பம், பெட்ரோல் மிஷின், பேட்டரி மிஷின்

மரம் கழிக்கும் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மிஷின் வாங்கலாம்?" என்பதுதான். மிஷின் என்று நாங்கள் சொல்வது செயின்சாவை, பல் வைத்த செயின் சுற்றி ஓடி மரத்தை அறுக்கும் ரம்பத்தை. விழுந்த மரத்தைத் தரையில் நின்று துண்டு போடவென்றால் யோசிக்கவே வேண்டாம், பெட்ரோல் மிஷின்தான். ஆனால் நம் வேலையில் பாதி கயிற்றில் தொங்கியபடி நடப்பது. மொட்டைமாடி மேல் சாய்ந்த வேப்பங்கிளை, ஒரு பக்கம் ஈ.பி. லைன், கீழே தண்ணீர்த் தொட்டி. அந்த இடத்துக்கு எது சரி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரிவாளை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னை மட்டை, பாளை, பன்னாடை கழிப்பதற்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. முருங்கையின் சிறு கொப்புகளுக்கும் போதும். கட்டை விரலைவிடத் தடித்த கிளைக்கு மட்டும் வேண்டாம். வெட்டுவாய் சிதைந்து, பட்டை நார் நாராகக் கிழிந்து, அந்த இடத்தில் தண்ணீர் தங்கி அழுகும். ஓங்கிய கை தவறினால் அடுத்தது நம் கயிறுதான்.

கை ரம்பத்தைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் கருவி. நான் சொல்வது தச்சர் ரம்பத்தை அல்ல, இழுக்கும்போது அறுக்கும் வளைந்த ரம்பத்தை. ஜப்பான்காரர்களின் வழி அது. தச்சு ரம்பம் தள்ளும்போது அறுக்கும். கயிற்றில் தொங்கும்போது தள்ளினால் நம் உடம்புதான் மரத்தைவிட்டு விலகிப் போகும். இழுத்தால் உடம்பு மரத்தோடு ஒட்டும், அறுப்பும் விழும். பச்சைக் கிளை மணிக்கட்டுத் தடிமன் வரை இருந்தால், மிஷினை மேலே இழுத்து எடுப்பதற்குள் இதில் வேலை முடிந்துவிடும். இடுப்பு உறையில் இருக்கும் கனமே தெரியாது.

மரத்துக்கும் இதுவே நல்லது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப் பட்டி மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அறுப்பு அதை ஒட்டி, அதற்கு வெளியே விழ வேண்டும். அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே அறுத்துப் பார்த்துச் சொன்னது இதுதான்: மரத்தின் காயம் நம் தோல்போல் ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது. அந்த வீக்கத்தைச் சீவிவிட்டால் சுவர் எழும்பும் இடமே போய்விடும். தார் பூசினாலும் அது திரும்பி வராது. கை ரம்பத்தில் அந்த ஓரத்தைப் பார்த்துப் பார்த்து அறுக்கலாம். கிளை கொஞ்சம் கனமென்றால் ஒரே அறுப்பில் முடிக்காதீர்கள். ஒரு முழம் தள்ளிக் கீழிருந்து கொஞ்சம், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுசாக, கிளை விழுந்தபின் மிச்சக் குச்சியை வீக்கத்தின் ஓரத்தில். அடிப்பக்கத்தில் முதலில் அறுக்காமல் விட்டால் விழும் கிளை தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

இனி பெட்ரோல் மிஷின். தூங்குமூஞ்சியின் பெருங்கிளை, காய்ந்த புளி, பனை எல்லாம் அதன் வேலை. (பனையிலும் தென்னையிலும் வைரம், அதாவது கெட்டியான மரப்பகுதி, வெளிப்பக்கம் இருப்பதால் செயின் தொட்டவுடனே மழுங்கத் தொடங்கும், அரம் கையில் இருக்கட்டும்.) சிறிய மிஷினே பெட்ரோல் ஊற்றாமல் நாலு கிலோ அளவுக்கு இருக்கும். மேலே தொங்கிக்கொண்டு கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது தோளைக் கொல்லும். அதனால் பலர் அணைக்காமல் இடுப்பில் ஓடவிட்டே நகர்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செயினை ஓடாமல் பிடித்து நிறுத்தும் செயின் பிரேக்கைப் போட்டுவிட்டு நகருங்கள். பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) நுனியில் மேல்பாதி இன்னொரு கிளையில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், ஒற்றைக் கையில் பிடித்திருந்தால் தடுக்கவே முடியாது.

பெட்ரோல் விஷயத்தில் இன்னொன்று. 50:1 கலவை (50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில், கண் அளவில் ஊற்றக் கூடாது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல மிஷின்களின் கையேடு 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது, உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். இதைக் கவனிக்காமல் நான் இரண்டு முறை கார்புரேட்டர் மாற்றியிருக்கிறேன்.

பேட்டரி மிஷினை நான் வெகுநாள் நம்பவில்லை. ஒரு வருடமாக வைத்திருக்கிறேன், மேல் வேலைக்கு மனசு மாறிவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். புகை முகத்தில் அடிக்காது. முக்கியமாக, ஒரு அறுப்புக்கும் அடுத்த அறுப்புக்கும் இடையில் சத்தம் இல்லாததால் கீழே கயிறு பிடிப்பவர் "நிறுத்து, ஆள் வருது" என்று கத்துவது காதில் விழுகிறது. பெட்ரோல் மிஷின் ஓடும்போது அந்தக் குரல் எனக்கு எட்டியதே இல்லை. அதற்காகக் காது அடைப்பான் வேண்டாம் என்று அர்த்தமில்லை, அறுக்கும்போது இதுவும் காதைத் துளைக்கும். நுனி எகிறுவது இதிலும் உண்டு, செயின் ஆயிலும் ஊற்றத்தான் வேண்டும்.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு அதிக வேலை வருவது புயலுக்கு மறுநாள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கியபோது தெருத்தெருவாக மரம் கிடந்தது, பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டா கிராமங்களில் இன்னும் மோசம். ஜெனரேட்டர் இல்லாமல் பேட்டரியை மட்டும் நம்பியவர் அந்த நாட்களில் மதியத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெட்ரோல் மிஷினை நான் இன்னும் விற்காததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பையன்களுக்கு என் பதில்: முதல் காசில் நல்ல இழுப்பு ரம்பமும் ஏறுகயிறும். அடுத்து, புயல் நாளுக்கும் தரை வேலைக்கும் ஒரு சிறிய பெட்ரோல் மிஷின், கூடவே அதன் செயினுக்குப் பொருந்தும் உருண்டை அரம். பல சிறிய மிஷின்களுக்கு அது 4 மில்லிமீட்டர். நகர வேலை நிரந்தரமாகக் கிடைக்கத் தொடங்கியபின் பேட்டரி மிஷின். மரத்து மேலே மிஷின் ஓடும்போதெல்லாம் உடம்பு இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், ஒரு கயிற்றில் செயின் பட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டாவது கயிற்றுக்குக் காசு போதவில்லையென்றால் மிஷினை அடுத்த மாதம் வாங்குங்கள்.